கத்தி போகாத பெட்டி

"கத்தி போகாத பெட்டி வேணும்ண்ணா" என்றாள் என் தங்கை.

வியாழக்கிழமை காலை, பட்டறை ஷட்டரை அப்போதுதான் தூக்கி முடித்திருந்தேன். அவளுடைய பழைய அட்வெஞ்சர் பைக்கைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவள், ஸ்டாண்டைப் போட்ட கையோடு இரண்டு பைகளைத் தூக்கி என் மேசைமேல் எறிந்தாள். பைக்கின் பின்னால் இரண்டு பக்கமும் தொங்குகிற தடித்த துணிப்பைகள். மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தன. கிழிந்திருந்தன என்று சொல்வதுகூடத் தப்பு. மீன் வயிற்றைத் திறப்பதுபோல நேர்கோடாக, நிதானமாக அறுக்கப்பட்டிருந்தன. உள்ளே மழைமானியின் கண்ணாடிக் குழாய் நொறுங்கிக் கிடந்தது.

அவள் வேலை அது. மலைமேல் ஆளில்லாத இடங்களில் வானிலைத் துறை நட்டு வைத்திருக்கும் மழைமானி, காற்றுமானி எல்லாவற்றையும் மாதாமாதம் போய்ச் சரிபார்த்து, அளவு எழுதிக்கொண்டு வருவாள். பஸ் போகாத, ஜீப்பே முனகுகிற பாதைகள். அதற்காகத்தான் இருபது வருடப் பழசான அந்த வண்டியைச் சொந்தச் சம்பளத்தில் வாங்கினாள். ஆள் ஐந்தடி, வண்டி இருநூறு கிலோ. ஒட்டகத்தின்மேல் கோழிக்குஞ்சு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். ஆனால் அந்த வண்டியை அடக்கி ஓட்டத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்தில் இரண்டே பேர்தான். ஒன்று அவள். இன்னொன்று அவள் புருஷன், ஒரு காலத்தில் மண்பாதைப் பந்தயங்களில் ஓடியவன்.

பைகளை அறுத்தவனும் அந்தப் புருஷன்தான். இரண்டு மாதத்தில் இது இரண்டாம் தடவை. போன தடவை பாறையில் உரசிக் கிழிந்துவிட்டது என்று சொன்னாள். நம்புவது சுலபமாக இருந்தது, அதனால் நம்பினேன். இப்போது ஹெல்மெட்டைக் கழற்றினாள். இடது கண் மூடிக்கிடந்தது. இமை கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும். இரண்டு கிலோ சுத்தியலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தேன். குறுக்கே வந்து நின்றாள்.

"நீ போய் அவன அடிப்ப. அவன் உன்ன அடிப்பான். அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து குடிச்சிட்டு மச்சான், மாப்ளன்னு கட்டிப் புடிச்சுக்குவீங்க. எனக்கு அது வேணாம். பெட்டி வேணும்."

ஏற்கெனவே இரண்டு தடவை அப்படித்தான் நடந்திருந்தது. முதல் தடவை நான் அவன் முன்பல்லை உடைத்தேன். இரண்டாம் தடவை அவன் என் சுண்டுவிரலை உடைத்தான். இரண்டு தடவையும் கடைசியில், கொஞ்சம் அனுசரித்துப் போம்மா என்று சொல்லி அவளை அவனோடு அனுப்பி வைத்தவன் நான்தான்.

விஷயத்தை நின்றபடியே சொன்னாள். அவளுக்கு வேலை மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது. அறுநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வானிலை நிலையம், தங்க வீடும் உண்டு. அவளே கேட்டு வாங்கிய மாற்றல். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் அங்கே போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். அந்த உத்தரவை அவன் பார்த்த அன்றுதான் கத்தியை எடுத்தான். இப்போது அவனுடைய சிறு லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறான், சனிக்கிழமை சாயங்காலம்தான் திரும்புவான். சனிக்கிழமை மதியத்துக்குள் அவள் கிளம்பியாக வேண்டும். உத்தரவு, சான்றிதழ்கள், கருவிகள், உடுதுணி எல்லாம் பூட்டுப் போட்ட இரண்டு அலுமினியப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். வழியில் அவன் மறித்தாலும் எதையும் அறுக்க முடியக் கூடாது.

இரண்டரை நாள் இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அளவு நாடாவை எடுத்தேன்.

அந்த மாடலை நிறுத்திப் பதினைந்து வருடமாகிறது. அதற்கென்று செய்த பெட்டிச் சட்டம் எந்தக் கடையிலும் கிடைக்காது. இரும்புக் குழாயை நாமே வளைத்து, வெல்டிங் வைத்து, ஒவ்வொரு பக்கமும் மூன்று இடத்தில் வண்டியோடு பிடிக்க வேண்டும். பின்னால் உட்காருபவர் கால் வைக்கும் கட்டைக்குப் பக்கத்தில் ஒன்று, சீட்டுக்கு அடியில் ஒன்று, வால் பக்கம் ஒன்று. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு குறுக்குக் குழாய். அது இல்லாமல் அனுப்புகிறவன் மெக்கானிக் இல்லை, கொலைகாரன். பெட்டி இரண்டும் ஆடி ஆடி ஐந்தாவது பள்ளத்திலேயே சட்டத்தைப் பிய்த்துவிடும்.

துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு எண்ணெய், நெருப்பு, கெட்ட வார்த்தை என்று வரிசையாக மூன்றையும் கொடுத்துப் பார்த்தேன். ஒன்று தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் துளைத்து எடுப்பதற்குள் மதியமாகிவிட்டது. சீட்டைக் கழற்றியபோதுதான் பார்த்தேன், இடதுபக்கத்துப் பின்சட்டக் குழாய் உள்ளே நெளிந்திருந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்டேன். விழவில்லை என்றாள். சாவியைத் தர மாட்டேன் என்றதற்கு அவன் வண்டியைத் தள்ளிவிட்டு, கிடந்த வண்டியை மிதித்தானாம். அதற்கு முன்பு அவளை.

குழாயைச் சூடேற்றி நிமிர்த்த ஆரம்பித்தேன். அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மற்றதையும் சொன்னாள். அழவில்லை, குரல் ஏறவும் இல்லை. மழை அளவை வாசிக்கிற குரல். எந்த மாதம், எந்த அறை, கையா காலா, எத்தனை தடவை. விலா எலும்பில் விரிசல் விட்டது எப்போது, சுவரில் தலை மோதியபின் எத்தனை நாள் காதுக்குள் இரைச்சல் கேட்டது, எல்லாம். அவள் சொல்லச் சொல்ல என் அடி பலமாகிக்கொண்டே போனது. நெருப்புப் பொறி கண்ணில் தெறித்தும் நிறுத்தவில்லை.

"போதும்ண்ணா. அது வண்டி" என்றாள்.

பார்த்தேன். உள்ளே நெளிந்திருந்த குழாய் இப்போது வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பெட்டிகள். இரண்டு மில்லிமீட்டர் தகடு, மடித்து, ஓரமெல்லாம் ரிவெட் அடித்து, மேலே திறக்கிற மூடி, மூடியைச் சுற்றி ரப்பர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு. மூலைகளை அரத்தால் மழுக்கினேன். பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் திருகு இரண்டும் உள்பக்கம்தான், மூடியைத் திறக்காமல் யாரும் கழற்ற முடியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, கத்தியை விடுங்கள், கோடாலிக்கே வேலை வைக்கும் பெட்டிகள்.

ஒரே வம்பு சைலன்சர். வலதுபக்கம் உயர்ந்து நிற்கிறது. மற்ற பட்டறைக்காரர்கள் அதற்கு இடம்விட வலது பெட்டியின் உள்மூலையை வெட்டிவிடுவார்கள். பெட்டி உடம்போடு ஒட்டி நிற்கும், ஆனால் பாதிக் கொள்ளளவு போய்விடும், வெட்டிய இடத்தில் ஒரு நாள் விரிசல் விடும். நான் வெட்டுவதில்லை. முழுப் பெட்டியாகவே செய்து, சட்டத்தை ஒரு சாண் வெளியே தள்ளி மாட்டிவிடுவேன். அதற்கு விலை அகலம். அவள் வண்டியின் ஹேண்டில் முனைக்கு முனை மூன்றடி. பெட்டி மாட்டியபின் பின்பக்கம் மூன்றடி ஏழங்குலம். கூடுதல் ஏழும் வலதுபக்கம்.

ஹேண்டில் நுழைந்த இடத்தில் வண்டி நுழையும் என்பது பைக் ஓட்டுகிற எவனுக்கும் உடம்பில் ஊறிய கணக்கு. பெட்டி மாட்டிய அன்று அது பொய்யாகிறது. அதனால் என்னிடம் பெட்டி மாட்டிக்கொண்டு போகிற ஒவ்வொருவரிடமும் சாவியைக் கொடுக்குமுன் இரண்டு விஷயம் சொல்வேன். ஹேண்டிலை நம்பிச் சந்தில் நுழையாதே. வண்டி சாய்ந்தால் காலை ஊன்றாதே, விட்டுவிடு. ஊன்றினால் பெட்டி காலின்மேல் ஏறும், கெண்டைக்கால் எலும்பு இரண்டும் போய்விடும்.

அவளிடம் சொன்னதோடு விடவில்லை. முற்றத்தில் இரண்டு காலி பீப்பாய்களை வைத்து நடுவில் ஓட்டச் சொன்னேன். முதல் தடவை வலதுபக்கத்துப் பீப்பாயை உருட்டிவிட்டாள். கண் என்ன பொட்டையா என்று கத்தி, கையிலிருந்த அளவு நாடாவை அவள்மேல் வீசினேன். தோளில் பட்டது. அவள் அதை எடுத்து, பெட்டிக்கும் பீப்பாய்க்கும் இடையே தானே அளந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறினாள். மூன்றாம் தடவை எதிலும் உரசாமல் வந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவளைவிட நான் பன்னிரண்டு வயது மூத்தவன். அப்பா போனபின் வளர்த்தது நான்தான். பத்தொன்பது வயதில் யாரோ சிநேகிதியின் பைக்கை வாங்கி ஓட்டிப் பழகிக்கொண்டு வந்தபோது நடுத்தெருவில் வைத்து ஓர் அறை விட்டிருக்கிறேன், அக்கறையில் விட்ட அறை. என் கைவேகம் அவளுக்குப் பழக்கம். என் மனைவிக்குத்தான் பழகவில்லை. அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஏழு வருடமாகிறது. பட்டறைச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாம் தயார். இடது பெட்டியில் கருவிகளும் காகிதங்களும், வலதில் துணிமணி. பூட்டிவிட்டுப் பெட்டிச் சாவிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டிச் சாவி ஒரு கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் தொங்கியது. கையுறையை எடுத்தாள். அப்போது வாசலில் லாரி பிரேக் சத்தம் கேட்டது.

அவன் சரக்கைப் பாதி வழியில் யாரிடமோ மாற்றிவிட்டு வந்திருந்தான். லாரியை ஷட்டருக்குக் குறுக்கே, ஒரு பூனைகூட வெளியே போக முடியாதபடி நிறுத்தினான். இனி வெளியே போக ஒரே வழி, என் பட்டறைக்கும் பக்கத்து லேத் பட்டறைக்கும் நடுவே இருக்கும் சந்து. அதன் வாயில் இடப்பக்கம் சுவர், வலப்பக்கம் ஓர் இரும்புத் தூண். நடுவே மூன்றடி நாலங்குலம். பைக்கில் வருகிற போதெல்லாம் அவன் அந்த வழியாகத்தான் பிரேக்கைத் தொடாமல் நுழைவான். சர்க்கஸ்காரன்.

முதலில் அழுதான். அழுகை அவனுக்குக் குழாய்த் தண்ணீர், திருகினால் வரும். குடியை விட்டுவிட்டதாகவும், அவள் இல்லாவிட்டால் செத்துவிடுவதாகவும், மச்சான் நீயாவது சொல் என்றும் என் கையைப் பிடித்தான். கையை உதறினேன். அவள் அவன் பக்கம் திரும்பாமல் கையுறையைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். பெட்டி மூடியை விரலால் தட்டிப் பார்த்தான்.

"மச்சான் கைவேலையா? நல்லாருக்கு" என்றான். சொன்ன வாய் மூடுமுன் அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தைப் பெட்டி மூடியின் மூலையில் அடித்தான்.

இரண்டு தடவை அடித்தான். மூலையை நான் மழுக்கியிருக்காவிட்டால் கண் போயிருக்கும். புருவம் பிளந்து ரத்தம் அலுமினியத்தின்மேல் வழிந்தது. மிச்சம் கிடந்த குழாய்த் துண்டு ஒன்று என் கைக்கு வந்ததுதான் தெரியும். அவன் முதுகில் இறக்கினேன். அவளை விட்டுவிட்டுத் திரும்பினான், மேசையிலிருந்து டயர் கழற்றும் நெம்புகோலை எடுத்தான். அடுத்த அடி அவனுடையது. என் இடது காறை எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. கை தொங்கிவிட்டது. தலையால் அவன் மூக்கில் முட்டினேன், கட்டிப் புரண்டோம், பல்லுக்குக் கிடைத்தது காது, கடித்தேன். உப்பாக இருந்தது. ஊளையிட்டுக்கொண்டே முழங்காலால் என் வயிற்றில் குத்தினான். நான் மடங்கி விழுந்ததும் விலாவில் உதைத்தான். அவள் பின்னாலிருந்து அவன் கழுத்தைப் பிடித்துத் தொங்கினாள். தோளுக்கு மேலாகத் தூக்கி, அவளைப் பீப்பாய்களின்மேல் வீசினான்.

அப்புறம் அவள் கழுத்தில் இருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தான். கயிறு சதையை அறுத்துக்கொண்டு அறுந்தது. சாவி அவன் கைக்குப் போயிற்று.

"பேப்பரெல்லாம் இதுக்குள்ளதான இருக்கு? திங்கக்கெழம வெறுங்கைய வீசிட்டுப் போய் நில்லு, யாரு உள்ள விடறான்னு பாக்கலாம்" என்றான். மூக்கிலும் காதிலும் ரத்தம் ஒழுக வண்டியில் ஏறிக் கிளப்பினான்.

வண்டி சந்தை நோக்கித் திரும்பியது. நான் தரையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் மயங்கிக் கிடக்கவில்லை. வாய் நன்றாகத்தான் வேலை செய்தது. மூன்றடி நாலங்குலமும் தெரியும், மூன்றடி ஏழங்குலமும் தெரியும், அந்தச் சந்தில் அவன் பிரேக் பிடிக்க மாட்டான் என்பதும் தெரியும். எத்தனையோ பேருக்குச் சொன்ன எச்சரிக்கை. அவனுக்குச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், சந்தோஷமாகக் காத்திருந்தேன்.

கத்தியது அவள்தான். பீப்பாய்களுக்கு நடுவிலிருந்து எழுந்து, "அகலம்! இடிக்கும், நிறுத்து!" என்று கத்தினாள். அவனுக்காகக் கத்தினாளா, பெட்டிக்காகவா என்று எனக்குத் தெரியாது. அவன் நிறுத்தவில்லை. ஹேண்டில் தாராளமாக நுழைந்தது.

வலது பெட்டியின் மூலை தூணில் மோதியது. வண்டியின் பின்பக்கம் அங்கேயே நின்றுவிட, முன்சக்கரம் வெட்டித் திரும்பி, மொத்தமும் வலதுபக்கமாகச் சாய்ந்தது. பத்து வருடம் மண்ணில் ஓட்டியவன். உடம்பு பழகியதைச் செய்தது, காலை ஊன்றினான். பெட்டி காலின்மேல் ஏறி உட்கார்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அப்புறம் அவன் அலறினான். பேன்ட் துணியைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்திருந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். காகிதங்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன, வண்டியை நிமிர்த்தினால் ஓடும், அவன் இனி யாரையும் துரத்த முடியாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

எழுந்து நடந்தேன். "மச்சான், தூக்கு மச்சான், கால் போச்சு மச்சான்" என்று கெஞ்சினான். நான் அந்தப் பெட்டியின்மேல் ஏறி நின்றேன்.

அவன் எழுப்பிய சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. இது விலா எலும்புக்கு என்று சொல்லிக் குதிகாலால் அழுத்தினேன். இது காதுக்கு. இது கண்ணுக்கு. அவள் எனக்குச் சொன்ன பட்டியல் முழுவதும் மனதில் இருந்தது, ஒன்றைக்கூட விடக் கூடாது என்று இருந்தது. உடைந்த தோள் வலிக்கவே இல்லை. அவ்வளவு நன்றாக இருந்தது எனக்கு. அவள், அண்ணா இறங்கு, அண்ணா இறங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்தது, இறங்கவில்லை. பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

திரும்பி, நல்ல கையை முழுசாக வீசி அவள் வாயில் அறைந்தேன். "நடுவுல வராத, சனியனே" என்றேன்.

யாரென்று தெரியாமல் கை போய்விட்டது என்று பிற்பாடு போலீஸ்காரரிடம் சொன்னேன். பொய். அங்கே இருந்தது மூன்றே பேர், ஒருத்தன் என் காலடியில் கிடந்தான். சட்டையை இழுக்கிற கை யாருடையது என்று தெரிந்துதான் அடித்தேன். சுவரில் மோதி உட்கார்ந்தாள். பிளந்த புருவம் இன்னும் திறந்துகொண்டது. உதட்டைத் தொட்டு விரலைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், கொஞ்ச நேரம். நான் பெட்டியிலிருந்து இறங்கினேன்.

எழுந்து வந்தாள். என்னிடம் ஒரு கை பிடி என்று கேட்கவில்லை. சாய்ந்து கிடந்த வலது பெட்டியின் பூட்டைத் திறந்து, துணிகளை வெளியே எடுத்துப் போட்டு, உள்ளே கையைவிட்டு இரண்டு திருகையும் கழற்றினாள். பெட்டி சட்டத்திலிருந்து விடுபட்டது. பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, முழங்காலை மடக்கிக் குட்டி குட்டி அடியாகப் பின்னால் நடந்து இருநூறு கிலோவையும் தனியாக நிமிர்த்தினாள். பெட்டியை அவன் காலிலிருந்து எடுத்து நகர்த்தினாள். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். லாரியில் தொங்கிய சாவியால் லாரியை நகர்த்தி வழிவிட்டாள். தன் ஸ்வெட்டரை மடித்து அவன் காலுக்கு அண்டை கொடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போகாதே என்றான். ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் என்ன நடந்தது என்று கேட்டார்கள். விபத்து என்றேன். தூணில் இடித்தது மட்டும்தான் விபத்து என்று அவள் திருத்தினாள். அதற்கு முன்னால் புருஷன் அவளை எதில், எத்தனை தடவை மோதினான் என்று சொன்னாள். அதற்குப் பின்னால் அண்ணன் பெட்டியின்மேல் ஏறி நின்றது, எத்தனை தடவை அழுத்தியது, தடுத்தவளை எந்தக் கையால் எங்கே அடித்தது என்றும் சொன்னாள். அந்த மழை அளவு வாசிக்கிற குரலில்தான் சொன்னாள். அவர்களில் ஒருவர் எழுதிக்கொண்டார். என்மேல் அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, இன்னொரு வண்டி வரும், நீங்கள் அதில் ஏறி வாருங்கள் என்றார்கள். அவள் புருவத்துக்கும் உதட்டுக்கும் பிளாஸ்திரி போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறீர்களா என்று கேட்டதற்கு வழியில் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

பிறகு அவள் மரச்சுத்தியலை எடுத்து, நசுங்கியிருந்த மூலையை உள்ளிருந்து தட்டி எடுத்தாள். மூடி மறுபடி பொருந்தியது. துணிகளை அடுக்கி, திருகுகளை முறுக்கி, பூட்டினாள். சட்டத்தை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. பூட்டும் தெறிக்கவில்லை, சட்டமும் வளையவில்லை என்று அப்போதுகூட எனக்குள் ஒரு பெருமை தலைதூக்கியது, வெட்கங்கெட்ட பெருமை.

ஏதாவது பேச வேண்டும்போல இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லாதது, அதனால் போல்ட்டைப் பற்றிப் பேசினேன். புதுச் சட்டம், ஐநூறு கிலோமீட்டர் ஓடினால் எல்லாம் தளர்ந்து கொடுக்கும், மறுபடி முறுக்கியாக வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து முறுக்கிவிடுகிறேன், அந்த நிலையம் எந்த ஊரில் இருக்கிறது, விலாசத்தைச் சொல் என்றேன்.

அவள் ஹெல்மெட்டை மெதுவாக, புருவத்தில் படாமல் மாட்டிக்கொண்டாள். விலாசத்தைச் சொல்லவில்லை.

"பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் ஒண்ணு குடு. நானே முறுக்கிக்கறேன்" என்றாள்.

ஸ்பேனர் பலகையிலிருந்து எடுத்தேன். நல்ல கையில் பிடித்துக்கொண்டு அவளை நோக்கி நடந்தேன். நாலு அடி வைத்திருப்பேன்.

"அங்கயே நில்லுண்ணா. கீழ வெச்சிட்டுத் தள்ளிப் போ."

நின்றேன். ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனேன். இன்னும் என்று கையால் காட்டினாள். மேசைவரை போனேன், அதுவும் போதவில்லை. முதுகு சுவரில் முட்டுகிறவரை போனேன். அதற்கப்புறம்தான் வந்து, என்மேலிருந்து கண்ணை எடுக்காமலே குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.